புதுக் கார்டுக்கும் பழைய போர்டுக்கும் பொருத்தமில்லை

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சங்கத்தின் லண்டன் கிளை இந்த வருடம் மலர் ஒன்று போடுகிறது. அதில் ‘சாதித்த பெண்கள்’ என்று ஒரு பகுதி. மலருக்குப் பொறுப்பான இளம் பிள்ளை விடாமல் போன் எடுக்கிறாள். கணினி திருத்தும் வேலையில் இவ்வளவு காலம் நின்று பிடித்த பெண் நான்தானாம், எழுதித்தான் ஆகவேண்டுமாம். நான் என்னத்தைச் சாதித்தேன் என்று இருந்து யோசித்துப் பார்த்தேன். இடுப்பு நோவு, முழங்கால் தேய்மானம், வலது பெருவிரலில் இனி நிமிராத ஒரு வளைவு. இவ்வளவுதான் கைவசம் இருக்கிறது. மூன்றும் ஸ்குரூ டிரைவர் பிடித்து வந்தவை.

இப்போது வருகிற மடிக்கணினிகளைத் திறந்தால் உள்ளே கழற்ற ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் ஒட்டி அனுப்புகிறார்கள். பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள். “உங்கட தொழில் அழிஞ்சு போகுதே, கவலையா இல்லையோ” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். கவலை ஒன்றும் இல்லை. நான் குனிந்தது போதும். அடுத்த தலைமுறையாவது நிமிர்ந்து இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஏஜென்சிக்காரன், மூன்று நாட்டு விமான நிலையங்கள், அகதி விண்ணப்பம், பிறகு பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். ஊரில் கணிதம் படித்த பிள்ளை என்பதால், கவுன்சில் நடத்திய மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து கணினி வன்பொருள் படித்தேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் ஆம்பிளைப் பெடியன்கள். சான்றிதழோடு கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லோரும் என்னை வரவேற்பு மேசையில் இருத்தத்தான் பார்த்தார்கள். கணினிப் பெட்டியைத் திறக்க விட்டவர் ராமையா சேர் ஒருவர்தான்.

ராமையா சேர் மலேசியத் தமிழர். ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே தங்கி, பெரிய கம்பனி ஒன்றில் பொறியியலாளராக இருந்துவிட்டு, அது அலுத்துப்போய் விம்பிள்டனில் ஒரு சலூனுக்கும் கோழிப்பொரியல் கடைக்கும் நடுவில் இந்தக் கடையைத் திறந்தவர். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். அதிர்ந்து ஒரு வார்த்தை வராது. கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று மனைவியின் செருப்பைப் பார்த்துக்கொள்வார், உள்ளே வரமாட்டார்.

முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது, “போர்டு பேசுதான்னு பாரும்மா.” எனக்கு விளங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் ஏசுவது. இந்தப் பச்சைத் தகடு என்னை எதற்கு ஏசப்போகிறது என்று முழித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பொத்தான் அளவான ஒரு குட்டி ஸ்பீக்கரை எடுத்து மதர்போர்டில் இரண்டு ஊசிகளில் மாட்டி, மின்சாரத்தைப் போட்டார். கட்டையாக, சுருக்கமாக ஒரு ஒலி வந்தது. “நல்லா இருக்கேன்னு சொல்லுது,” என்றார். படம் வராத நேரத்தில் நோய் எங்கே என்று மதர்போர்ட் அப்படித்தான் சொல்லும். நீளமாக ஒன்று, கட்டையாக இரண்டு என்றால் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டில் குறை. விடாமல் கத்தினால் மெமரியில் குறை. பேசாமல் கிடந்தால்தான் பயம். நாள் போகப்போக, எங்கள் ஊர் அர்த்தத்திலும் அது பேசத்தான் செய்கிறது என்று கண்டுகொண்டேன்.

அவர் வேலை செய்யும் முறை ஆளைக் கொன்றுவிடும், அவ்வளவு நிதானம். வாடிக்கையாளர் கதையைச் சொல்லி முடிக்கும் வரை பெட்டியில் கை வைக்கமாட்டார். முடித்த பிறகு “கடைசியா யார் தொட்டது?” என்று ஒரு கேள்வி. பிறகு மின்கம்பியைக் கழற்றி, உள்ளே தங்கிய மின்சாரம் போவதற்காகப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். தன் உடம்பில் இருக்கும் மின்சாரமும் போவதற்காகச் சுவரில் இருக்கும் ஹீட்டர் குழாயை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்து, எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வரிசையாக வைப்பார். பிறகு ஒன்றைப் போட்டுப் பார்ப்பது, சரி என்றால் அடுத்ததைப் போடுவது. இரண்டைச் சேர்த்துப் போட என்னை ஒருநாளும் விட்டதில்லை. ரெண்டையும் ஒன்றாகப் போட்டால் எது குற்றவாளி என்று எப்படித் தெரியும் என்பார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். அவருக்கு அது தெரியாது.

பழைய மதர்போர்டுக்குப் புதுச் சாமான் வாங்க வருகிறவர்களிடம், “பொருத்தம் பாத்தீங்களா?” என்று கேட்பார். கல்யாணப் பேச்சைப்போல. கடையில் எங்களுக்கும் அதே சொல்தான். இந்த மெமரிக்கு இந்தப் போர்ட் பொருத்தம், இந்தக் கார்டுக்குச் செவ்வாய் தோஷம் என்று நாங்கள் பகிடி விடுவோம்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கல். காரணத்தைச் சொல்லாமல் எந்தப் பெட்டியும் கடையை விட்டுப் போகக்கூடாது. ஒருமுறை ஒரு பலசரக்குக் கடை முதலாளி தன் கணினியைக் கொண்டுவந்து வைரஸ் என்றார். திறந்தால், மின்விசிறி முழுக்கக் கறுப்புப் பிசின். கடையில் சாமிப்படத் தட்டுக்குக் கீழே கணினியை வைத்து, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி காட்டியிருக்கிறார். நான் துடைத்துக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றேன். சேர் கேட்கவில்லை. முதலாளியை இருத்தி வைத்து, சாம்பிராணிப் புகைதான் காரணம் என்று சொன்னார். சாமிக்குக் காட்டுற புகை கெடுதல் செய்யும் என்று சொல்ல நீர் யார் என்று அவர் குதித்துவிட்டுப் போனார். அதோடு அவருடைய சொந்தக்காரர் ஒருவரும் எங்கள் கடைப்பக்கம் வரவில்லை. நான் சேரோடு கோபித்துக்கொண்டேன். அவர் அமைதியாக, காரணம் தெரியாமல் எடுத்துப்போனால் அடுத்த மாதம் அதே நோயோடு வருவார், அப்போது யார் மேல் பிழை என்று கேட்டார்.  ஆனாலும் சனங்களுக்கு வேண்டியது பெட்டி, காரணம் இல்லை என்றுதான் என் மனதில் இருந்தது.

இனி, நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் நடந்தது. சேர் அப்போது வேலையை விட்டுவிட்டார். ஆனாலும் காலையில் வந்து கடையின் முன்பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

சுகந்தி என்ற பெண் ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் அவளுடைய அம்மா. வெஸ்ட் ஈலிங்கிலிருந்து காரில் வந்திருந்தார்கள். சுகந்தி கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறவள். அந்தக் கணினி பல வருடங்களுக்கு முன் எங்கள் கடையில், சேரும் நானும் கட்டிக் கொடுத்தது. அதன் கிராபிக்ஸ் கார்ட் செத்துப்போய், அவள் புதிய கார்ட் ஒன்று வாங்கி, இணையத்தில் பார்த்துத் தானே மாட்டியிருக்கிறாள். திரையில் ஒன்றும் வரவில்லை. இந்த மாதிரி வாரத்தில் இரண்டு பேராவது வருவார்கள். அலுத்துப்போன வேலை. வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன்.

“நாளைக்கு ஏலாது அன்ரி,” என்றாள்.

அவளுடைய தங்கச்சிக்குப் போன கிழமை கல்யாணம். அப்பாவுக்குப் புற்றுநோய். அவர் இருக்கும்போதே நடக்கவேண்டும் என்று கல்யாணத்தை முன்னுக்கு இழுத்திருக்கிறார்கள். அப்படியும் முந்த முடியவில்லை. கல்யாணத்தன்று அவர் மருந்து மயக்கத்தில் கிடந்தார். பிறகு தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, தாலி கட்டியாச்சோ என்பது. சொந்தக்காரர் போனில் எடுத்த துண்டுகளைக் காட்டினால், துண்டு துண்டா வேண்டாம், மூத்தவள் எடுத்த படத்தைத்தான் பார்ப்பேன் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாராம். இப்போது கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸுக்கு மாற்றிவிட்டார்கள். இனிக் கிழமைக்கணக்கு இல்லை, நாள்கணக்குத்தான் என்று அங்குள்ள நர்ஸ் காலையில் சொல்லியிருக்கிறார். படம் முழுக்க இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, வேறு பிரதி இல்லை. பிரதி ஏன் எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. எடுக்காதவர்களுக்கு அந்தக் கேள்வி ஏற்கெனவே தெரியும்.

அவளுடைய அம்மா முன்பக்கத்தில் சேருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, “பயப்பிடாதை பிள்ளை. சாமித்தட்டிலை வைச்சுக் கும்பிட்டுத்தான் அந்தச் சாமானைப் போட்டது. பிழைக்காது,” என்றார். நான் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

அந்தக் கணினியில் ஒரு வில்லங்கம் இருந்தது, அதைச் செய்ததும் நாங்கள்தான். வீடியோ வேலைக்கு வேகம் வேண்டும் என்று இரண்டு டிஸ்குகளைச் சோடியாகக் கட்டியிருந்தோம். எந்தக் கோப்பானாலும் பாதி ஒன்றில் இருக்கும், பாதி மற்றதில் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்தப் பழைய மதர்போர்ட். டிஸ்குகளைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் சும்மா வாசிக்காது. வாசிக்க வைக்க வழி உண்டு, அதற்கு நாட்கள் வேண்டும், முடிவும் நிச்சயமில்லை. இணையத்தில் எல்லோரும் சொல்லும் வைத்தியம், மதர்போர்டின் பட்டரியைக் கழற்றிப் போடு என்பது. கழற்றினால் மதர்போர்ட் தன் பழைய அமைப்புகளை எல்லாம் மறந்துவிடும். இந்தச் சோடியையும் மறக்கும். நல்லவேளை, சுகந்தி அதில் கை வைத்திருக்கவில்லை.

சேரின் முறைப்படியே தொடங்கினேன். மின்சாரத்தை எடுத்து, ஹீட்டர் குழாயைத் தொட்டு, புதுக் கார்டைக் கழற்றி அப்பால் வைத்தேன். கடையில் சோதனைக்கென்று ஒரு பழைய கார்ட் இருக்கிறது. எந்தக் கிழட்டுப் போர்டிலும் வேலை செய்யும், என்னைப் போல. அதைப் போட்டால் திரையில் படம் வரவேண்டும். படம் வந்தால் கோப்புகளைப் பிரதி எடுத்துவிடலாம். புதுக் கார்டின் கதையைப் பிறகு பார்க்கலாம்.

பழைய கார்டைப் போட்டேன். படம் வரவில்லை. ஸ்பீக்கரை மாட்டினேன். நீளமாக ஒன்று, கட்டையாக இரண்டு. கார்டில் குறை என்று போர்ட் ஏசுகிறது. ஆனால் இந்தக் கார்டை முதல் நாள்தான் வேறொரு கணினியில் போட்டுப் பார்த்திருந்தேன், அதில் குறை இல்லை. அப்படியென்றால் குறை போர்டில். போர்ட் செத்தால் சோடி உடைந்தது, கல்யாணப் படம் போனது.

கதிரையில் இருந்துவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை, களைப்புத்தான் வந்தது. முன்னால் இருப்பவர்களிடம் போய்ச் சொல்லவேண்டும். எத்தனையோ பேரிடம் உங்கள் படங்கள் போய்விட்டன என்று சொல்லியிருக்கிறேன். பழகும் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பழகவில்லை.

எங்கள் கார்டைக் கழற்றிப் பையில் போடுவதற்காகக் கிட்ட எடுத்தபோது ஒரு வாசம் வந்தது. கணினிக்குள் வரக்கூடிய வாசம் எல்லாம் எனக்குத் தெரியும். தூசி கருகும், பிளாஸ்டிக் உருகும், எலி செத்து மணக்கும். இது சந்தனம்.

விளக்கைக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். கார்டின் கீழ்விளிம்பில், மதர்போர்டோடு தொடுகிற இடத்தில், பொன் பூசிய சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக இருக்கும். எங்கள் கார்டின் அந்தப் பற்களில் மஞ்சளாக ஒரு தீற்றல். சுகந்தியின் புதுக் கார்டை எடுத்துப் பார்த்தேன். பற்களின் நடுவில், இடமும் வலமும் அளந்து வைத்ததுபோல, காய்ந்த சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம். பாதி உதிர்ந்திருந்தது. உதிர்ந்த பாதி, கார்டைச் செருகுகிற ஸ்லொட்டுக்குள் போய், உள்ளே இருக்கும் கம்பிகளுக்கு நடுவில் சுண்ணாம்பு பூசியதுபோல இறுகிவிட்டது. நான் எங்கள் கார்டைச் செருகியபோது அதிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. போர்டில் நோய் இல்லை. அதன் வாயை அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முன்னால் போய், எந்தப் பக்கத்தைச் சாமிக்கு முன்னால் வைத்தீர்கள் அக்கா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

“எது முன்பக்கம் எண்டு எனக்கு விளங்கேல்லைத் தங்கச்சி,” என்றார் அந்த அம்மா. “ஒரு பக்கம் பொன் மாதிரி மினுங்கிச்சுது. அதிலைதான் பொட்டு வைச்சனான். இவரும் பாக்கவேணும் எல்லோ, கெதியா வேலை செய்யட்டும் எண்டு.”

அவருடைய நெற்றியிலும் அதே சந்தனம் இருந்தது. நான் ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

சுகந்தி என் முகத்தைப் பார்த்து ஏதோ விளங்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். மேசையில் கிடந்த கார்டைக் கண்டாள். அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“எத்தினை தரம் சொன்னனான், என்ரை சாமானிலை கை வைக்கவேண்டாம் எண்டு,” என்றாள். “ரெண்டு நாளா அப்பா கேட்டுக்கொண்டு கிடக்கிறார். ரெண்டு நாள் அன்ரி. இவவாலை. இப்ப போய்க் கேக்கிறன்.”

நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். என் வளைந்த பெருவிரல் குத்தி அவளுக்கு நொந்திருக்கவேண்டும்.

“கேளும்,” என்றேன். “கேட்டால் அவவுக்கு விளங்கும். அப்பா பாக்காமல் போனால், தன்ரை பொட்டாலைதான் எண்டு இருப்பா. அப்பா போன பிறகும் அம்மா இருக்கப்போறா. உம்மோடைதான் இருக்கப்போறா. அதை ஒருக்கால் யோசியும்.”

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏசுவதும் ஏசாததும் அவளுடைய உரிமை, எனக்கு அதில் இடமில்லை. ஆனால் முன்னால் இருந்த மனுசி என் வயதை ஒத்தவர். கல்யாண வீட்டு வேலையும் ஹொஸ்பிஸுமாக ஓடி, கணினிக்கு முன்பக்கம் எது என்று கேட்கக்கூட ஆள் இல்லாமல் தன்னால் ஏலுமானதைச் செய்திருக்கிறார். அதற்கு ஒரு ஆயுள் தண்டனையா? எனக்கு மனம் வரவில்லை.

துடைக்கத் தொடங்கினேன். கார்டின் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ரப்பரால், ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்கவேண்டும். ஸ்லொட்டைத் துடைப்பதுதான் கஷ்டம், விரல் போகாது, ஊசி விட்டால் கம்பி வளைந்துவிடும். செத்துப்போன ஒரு கார்டின் விளிம்பில் நூல் விடாத மெல்லிய துணியைச் சுற்றி, சுத்தமான ஸ்பிரிட்டில் நனைத்து, ஸ்லொட்டில் மெல்ல இறக்கி மெல்ல எடுத்தேன். துணி மஞ்சளாக வந்தது. மாற்றிச் சுற்றி மீண்டும் இறக்கினேன். சிவப்பாக வந்தது. துணி வெள்ளையாக வரும் வரை இறக்கினேன். பிறகு காற்று அடித்து, காய விட்டுக் காத்திருந்தேன். காயாமல் மின்சாரம் போட்டால் எல்லாம் முடிந்தது. சுகந்தி நின்ற இடத்திலேயே நின்றாள். இடுப்பு விட்டுப்போகும்போல இருந்தது.

எங்கள் பழைய கார்டைப் போட்டேன். கட்டையாக ஒரு ஒலி. திரையில் எழுத்து வந்தது. இரண்டு டிஸ்குகளும் சோடியாக இருப்பதாக அது சொன்னது. சுகந்தி நிலத்தில் குந்திவிட்டாள்.

அடுத்ததாக, துடைத்த புதுக் கார்டையும் போட்டுப் பார்த்தேன். இதற்கும் காரணம் தெரிந்தாகவேண்டும், பழக்கம் விடவில்லை. விசிறி சுற்றியது. படம் வரவில்லை. நீளமாக ஒன்று, கட்டையாக இரண்டு. இந்த முறை பற்களில் அழுக்கில்லை, ஸ்லொட்டிலும் இல்லை. இது உண்மையாகவே பொருத்தமில்லாத கேஸ். அந்தக் காலத்து மதர்போர்ட் கார்டை எழுப்புகிற முறை வேறு, இந்தக் காலத்துக் கார்ட் எழும்பப் பழகிய முறை வேறு. அது இதைக் கூப்பிடுகிறது, இதற்குக் காது கேட்கவில்லை. மதர்போர்டின் உள்நிரலைப் புதுப்பித்தால் சிலவேளை சரிவரும். நடுவில் பிசகினால் போர்டே போகும். அன்றைக்கு அந்த விளையாட்டுக்கு நேரமில்லை.

ஆக, சந்தனம் இல்லாவிட்டாலும் இந்தக் கார்ட் வேலை செய்திருக்காது. சுகந்தியிடம் அதைச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் இளகியது. முழுக்க இளகவில்லை. சந்தனம் இல்லாவிட்டால் எங்கள் கார்டாவது முதல் தரமே வேலை செய்திருக்கும் என்று அவளுக்கும் தெரியும், கெட்டிக்காரி.

இன்னுமொரு சிக்கல் இருந்தது. எங்கள் கிழட்டுக் கார்டை வைத்து அவளுடைய படத்தைத் தொகுத்து முடிக்க ஏலாது. நாட்கள் எடுக்கும். வெட்டாமல், ஒட்டாமல், இருக்கிறபடியே பிரதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டும் என்றேன். ஏலாது என்றாள். பாட்டுப் போடவில்லை, நிறம் சரிசெய்யவில்லை, சத்தம் சரியில்லை, அப்பா என்ரை வேலையை ஒருநாளும் பார்த்ததில்லை, முதல் தரம் பார்க்கும்போது இப்படியா என்று அழுதாள். அவளுடைய வலி எனக்கு விளங்கியது. ஆனால் நாள்கணக்கு என்று சொன்னதும் அவள்தான். நான் ஒரு வெளி டிஸ்கை எடுத்து மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே வந்து, கோப்புகளைத் தெரிந்தெடுத்துப் பிரதி எடுக்கத் தொடங்கினாள்.

பிரதி முடிந்து வெளியே வந்தபோது, ராமையா சேர் கதிரையில் நிமிர்ந்தார். நான் பயந்துகொண்டிருந்ததைத்தான் கேட்டார்.

“என்னம்மா காரணம்?”

அந்த அம்மாவும் என்னைப் பார்த்தார். சுகந்தி பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தாள்.

“புதுக் கார்டுக்கும் பழைய போர்டுக்கும் பொருத்தமில்லை சேர்,” என்றேன்.

சேர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, மெல்ல நடந்து, உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். மேசையில் மஞ்சளும் சிவப்புமாகத் துணிகள் கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பலசரக்குக் கடை முதலாளி என் நினைவில் வந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

“தொடச்ச பெறகு போட்டுப் பாத்தியா?” என்றார். பார்த்தேன், அப்போதும் படம் வரவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்றில்லை, பார்க்காமல் எதையும் சொல்லமாட்டார். சுகந்தியிடமிருந்து பெட்டியை வாங்கிவரச் சொன்னார். தானே புதுக் கார்டைச் செருகி, ஸ்பீக்கரை மாட்டி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். மூன்று ஒலியும் வந்தன. கழற்றி வைத்துவிட்டு, துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டு, மேலே ஒரு பழைய கடதாசியையும் போட்டு மூடினார். நான் பெட்டியையும் வெளி டிஸ்கையும் சுகந்தியிடம் கொடுக்க, அவர் அந்த அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

“நானே போட்டுப் பாத்தேம்மா. புதுக் கார்டு, பழைய போர்டு. பொருத்தம் இல்ல.”

“பொருத்தம் பாத்தெல்லோ வாங்கவேணும்,” என்று அம்மா மகளைப் பார்த்தார். “இந்தக் காலத்துப் பிள்ளையள் எங்கை ஒருத்தரைக் கேக்கினம்.”

சுகந்தி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். இந்தா வெடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “ஓம் அம்மா, என்ரை பிழைதான். வாங்கோ, அப்பா பாத்துக்கொண்டிருப்பார்,” என்றாள்.

அவர் பார்த்த கதையைச் சுகந்தி பிறகு எனக்குப் போனில் சொன்னாள். மண்டபத்தில் கமராவை நிறுத்திவிட்டு அவள் சாப்பிடப் போயிருந்த நேரம், வெறும் கதிரைகளை அடுக்குவது மட்டும் நெடுநேரம் பதிவாகியிருந்ததாம். அதை வேகமாக ஓட்டிவிடப் போனவளை, ஓட்டாதை, இரு, அந்தத் தூணடியில் நிற்பது யார் என்று மறித்திருக்கிறார். கூறைச்சேலைக்குக் கீழே தங்கச்சி விளையாட்டுச் சப்பாத்துப் போட்டிருந்ததும், அதை ஒளிக்கச் சேலையை இழுத்து இழுத்து விட்டதும் படத்தில் இருந்தது. தொகுத்திருந்தால் வெட்டியிருப்பாளாம். அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்துச் சிரித்து இருமி, நர்ஸ் ஓடிவந்திருக்கிறார். தாலி கட்டும் இடம் வந்தபோது அம்மாவின் கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாராம். மிச்சத்தை அடுத்த நாள் பார்த்தார்கள். எல்லாம் பார்த்து முடித்துவிட்டார். அந்தக் கிழமை தாண்டவில்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து வீட்டில் சாப்பாடு. சேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ரயில் ஏறி, ஏர்ல்ஸ் கோர்ட்டில் மாறி, ஈலிங் புரோட்வேயில் இறங்கி, பஸ் எடுத்து, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. வீடு நிறையச் சனம். எங்களை முன்வரிசையில் இருத்தி அந்த அம்மாவே பரிமாறினார். முகம் கறுத்து, மெலிந்து போயிருந்தார். ஆனால் எங்களைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எங்களைக் காட்டி, இவர்கள்தான் அந்தக் கொம்பியூட்டரைத் திருத்தித் தந்த ஆக்கள், இவர்களால்தான் மனுசன் முழுக்கப் பார்த்துவிட்டுப் போனது என்று சொன்னார். சொல்லிவிட்டு, கையில் வடைத் தட்டோடு சேருக்கு முன்னால் நின்றார்.

“நீங்கள் பொருத்தமில்லை எண்டு சொன்னியள். ஆனாலும் படம் வந்ததுதானே ஐயா,” என்றார். “நான் அண்டைக்குச் சாமிக்கு வைச்சு, சந்தனப் பொட்டு வைச்சுக் கும்பிட்டபடியால்தான் அது கடைசியிலையாவது வேலை செய்தது. அதுதான் காரணம். இல்லையோ?”

சோற்றுக் கரண்டியோடு பின்னால் வந்த சுகந்தி அப்படியே நின்றுவிட்டாள். சேர் கையிலிருந்த கவளத்தை இலையில் வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, கடையில் வாடிக்கையாளர்களைப் பார்க்கிற அதே பார்வையோடு அந்த அம்மாவைப் பார்த்தார்.

“ஆமாம்மா,” என்றார். “அதுவும் ஒரு காரணந்தான்.”

அந்த அம்மா முகம் மலர்ந்து, வேண்டாம் என்ற கையை விலக்கிவிட்டு, அவருடைய இலையில் இன்னும் இரண்டு வடை வைத்தார்.